வாலில்லாத வால்நட்சத்திரம்

அந்தச் செய்தித் தொலைக்காட்சியில் எல்லோரும் அவளைக் கிராபிக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்த ஒளிப்பதிவாளர் உட்பட. லாரி கவிழ்ந்தால் எந்தப் பக்கம் கவிழ்ந்தது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவதும், நகைக்கடைச் சுவரில் திருடனுக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பொம்மையை ஏறவைப்பதும் அவள் வேலை. ஜன்னல் இல்லாத அறை. ஏசி யார் மேலோ கோபம்போல இரைந்துகொண்டே இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை செய்தி ஆசிரியர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"ஏம்மா, வால்நட்சத்திரத்துல ஏதோ விண்கலம் இறங்கப்போகுதாமே?"

"ஆமா சார். பத்து வருஷமா போய்க்கிட்டிருக்கு."

"பத்து வருஷமாவா? எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே!" சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு அழைப்பு வராதவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை இறங்குது. நமக்குப் படம் வேணும். பிரமாதமா வேணும்."

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே வானசாஸ்திரம் வந்துவிட்டது. பஸ்ஸில் நடத்துநர் சில்லறை கொடுக்காமல் புவியீர்ப்பு பேசினார். வங்கியில் வேலை பார்க்கும் அவள் கணவன், அதுவரை நிலா எந்தத் திசையில் வருகிறது என்றே கவனிக்காத மனிதன், சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்க் குவளையைச் சூரியனாக நிறுத்தி அவளுக்குப் பாடம் எடுத்தான். மாமியார் மட்டும் கொதித்துப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை சீரியல் கிடையாதாம். "அந்தக் கல்லுல இறங்கி யாருக்கு என்ன ஆகப்போகுது? இங்க மருமக வீட்டைவிட்டு வெளிய போற நேரம் பாத்து நிறுத்திட்டாங்க" என்றார். சீரியல் மருமகளைத்தான் சொன்னார்.

கிராபிக்ஸ் அக்கா வேலையில் இறங்கினாள். கேன்டீனில் தேநீருக்கு நசுக்க வைத்திருந்த இஞ்சித் துண்டு ஒன்றை எடுத்துவந்து, நாலு பக்கமும் படம் பிடித்து, சாம்பல் நிறம் பூசி, கறுப்புப் பின்னணியில் சுழலவிட்டாள். பார்த்தால் யாரும் இஞ்சி என்று சொல்லமாட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. வால் எங்க?" என்றார் ஆசிரியர்.

"கிட்டப் போனா வால் தெரியாது சார். அது தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்குத்தான்."

"வால் இல்லாத வால்நட்சத்திரத்தை எவன் பாப்பான்? வை."

வைத்தாள், செய்தி வாசிப்பவரின் கோட்டுக்குப் பொருத்தமாக நீல நிறத்தில். அடுத்து, இறங்கும்போது சத்தம் வேண்டும் என்றார். அங்கே காற்றே கிடையாது, சத்தம் வராது என்றாள்.

"நம்ம ஸ்டுடியோல காத்து இருக்குல்ல?"

கேன்டீன் ஃபிரிட்ஜின் கதவை ஓங்கிச் சாத்தி, அந்த 'டொம்'மைப் பதிவு செய்துவந்து சேர்த்தாள். மனசு கேட்காமல் ஒரு மூலையில் 'சித்தரிப்பு' என்று எழுதிவைத்தாள். ஆசிரியர் அதைச் சின்னதாக்கச் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் அது திரையில் ஒட்டிக்கொண்ட எறும்பு அளவுக்கு வந்தது. அதன் மேல் ஒரு சிமெண்ட் விளம்பரம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை அலுவலகமே ஸ்டுடியோ வாசலில் நின்றது. போன வாரம் வெங்காய விலையை அலசிய அதே நிபுணர் இன்று விண்வெளியை அலசினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எதிர் சேனல்ல இறங்கிடுச்சு! நாம இன்னும் அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருக்கோம்!"

"சார், நிஜத்துல இன்னும் இறங்கலை."

"நிஜம் மெதுவா வரட்டும். நீ இறக்கு!"

இறக்கினாள். நீல வால் பளபளக்க, இஞ்சியின் மேல் விண்கலம் 'டொம்' என்று அமர்ந்தது. அலுவலகம் கைதட்டியது. தெருவில் டிவி கடை வாசலில் நின்ற கூட்டம் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டது. கணவன் போன் செய்தான்.

"பாத்தியா? இறங்கிடுச்சு! எங்க மேனேஜர் அழுதுட்டார்!"

"நான்தாங்க இறக்கினேன்."

"உனக்கு எப்பவும் விளையாட்டுதான்" என்று வைத்துவிட்டான்.

முக்கால் மணி நேரம் கழித்து உண்மைச் செய்தி வந்தது. விண்கலம் தரையைத் தொட்டிருக்கிறது, பந்துபோல எகிறியிருக்கிறது, எங்கோ ஒரு பாறை இடுக்கில் போய் விழுந்திருக்கிறது. ஆசிரியர் அசரவில்லை. "மறுபடி இறக்கு" என்றார். இறக்கினாள். ஒருமுறை இறங்குவதைவிட இரண்டுமுறை இறங்குவது பெரிய சாதனை என்று நிபுணர் விளக்கினார். ஊர் மறுபடியும் கைதட்டியது.

மத்தியானம்தான் முதல் நிஜப் படம் வந்தது. கணினியில் அதைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாதித் திரை இருட்டு. மீதியில் கரடுமுரடான பாறை. ஓரத்தில் விண்கலத்தின் ஒற்றைக் கால், சாய்ந்து. அவ்வளவுதான். மூன்று நாளாக அவள் வரைந்த எதிலும் இந்த இருட்டு இல்லை.

ஆசிரியர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன இது, குளியலறை மூலை மாதிரி? எதிர் சேனல் இதைத்தான் போட்டானாம். ஜனங்க போன் போட்டுத் திட்டறாங்க, வால் எங்க, இது பொய்ப் படம்னு. இதுக்கும் நம்ம வாலை ஒட்டிடு."

"ஒட்டமாட்டேன் சார்."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் படத்தை நேராகத் திரைக்கு அனுப்பினாள். இசை இல்லை, விளம்பரம் இல்லை, திரை முழுக்கப் பாறை. செய்தி வாசிப்பவருக்கு யாரும் வசனம் எழுதித் தராததால் அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசாமல் இருந்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள், கேபிள் போய்விட்டதா என்று நூறு பேர் கேட்டுவிட்டார்கள். ஆசிரியர் பாய்ந்துவந்து படத்தை எடுத்துவிட்டு இஞ்சியைப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து நீ வானிலைக்குப் போ என்றார். மேகத்துக்கு வால் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் பையை எடுத்தாள்.

வீட்டில் மாமியார் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மத்தியானம் கறுப்பா ஒரு படம் போட்டீங்களே, ஓரத்துல ஒரு கால் தெரிஞ்சுதே, அது என்னம்மா?"

"அதுதான் அத்தை நிஜம். அந்தக் கால் விண்கலத்தோடது."

"எப்பத் திரும்பி வரும்?"

"வராது. வெயில் படாத இடத்துல விழுந்துடுச்சு. பேட்டரி தீர்ற வரைக்கும் படம் அனுப்பும்."

மாமியார் அணைந்திருந்த டிவியைத் திரும்பிப் பார்த்தார். "அந்த இருட்டுல விழுந்து கிடந்தும் வேலை பாக்குதா?" என்றார்.

உள்ளேயிருந்து கணவன் குரல் கொடுத்தான். "அம்மா, அந்தப் படம் டூப்பாம். அதுல வாலே இல்லையாம்!"

"நீ சும்மா இருடா" என்றார் மாமியார். மூக்குக்கண்ணாடியைப் புடவை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, மருமகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "உன் போன்ல இருக்கா? காட்டு."

அவள் காட்டினாள். மாமியார் அந்தக் காலின் மேல் விரலை வைத்தார்.

"கொஞ்சம் பெருசு பண்ணும்மா."