மூத்தவனின் கையெழுத்து

மழை கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் சரி, அண்ணன் நிலத்தில் முதல் விதை விழாமல் தம்பி ஒரு பிடி சோளம் தூவக்கூடாது. வீடு கட்டுவதும் அப்படித்தான், பெண் எடுப்பதும் அப்படித்தான். மீறினால் சீரா என்கிற தீட்டு பிடிக்கும், மீறியவனும் அவன் பிள்ளைகளும் இளைத்து இளைத்தே சாவார்கள். இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிற லுவோ இனத்துக்காரர் நிறையப் பேர் உண்டு. மீறிப் பார்த்தவன்தான் குறைவு.

ஏரிக்கரை ஊரான கிசுமுவில் கப்பல் கம்பெனி நடத்திய ஓடேராவும் ஒம்போக்கும் இந்தக் கட்டுப்பாட்டைத் தொழிலுக்குள்ளும் கொண்டுவந்திருந்தார்கள். எதை வாங்கினாலும் விற்றாலும் முதல் கையெழுத்து அண்ணன் ஓடேராவுடையது. அவர் இளவயதிலிருந்து ஏரியில் கப்பலோட்டியவர். தம்பி ஒம்போக் நைரோபியில் வணிகம் படித்துவிட்டு வந்து வரவு செலவைப் பார்த்துக்கொண்டவன்.

இப்போது அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரல் கெட்டுவிட்டது, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியின் நிலைமையும் அதைவிட மேலில்லை. அவர்களுடைய ஒரே கப்பலான ‘நியார் நாம்’, அதாவது ஏரியின் மகள், அடித்தகடு அரித்துக் கரையில் நின்றது. அதைச் சரிசெய்யக் கடன் வாங்கினால் கம்பெனியே முழுகிப்போகும். மூடிக்கிடந்த ரயில் பாதையோ திறக்கப்போகிறது. சிமெண்டும் எண்ணெயும் இனி தண்டவாளத்தில்தான் போகும். கப்பலைப் பழைய இரும்புக்கு விற்று, அந்தப் பணத்தில் சரக்குப் பெட்டிகள் வாங்கி ரயிலுக்கு வாடகைக்கு விட்டால் தப்பிக்கலாம்.

ஒம்போக் கட்டிலருகே உட்கார்ந்து பக்குவமாகத்தான் சொன்னான்.

“என் கப்பல உடைச்சு விக்கச் சொல்றியா? அதுக்கு என்னையே உடைச்சு வித்துடு, எலும்பாவது தேறும்,” என்றார் ஓடேரா.

“அண்ணே, கணக்கக் கொஞ்சம் பாருண்ணே.”

“கணக்கு, கணக்கு! பொறந்ததுமே அம்மாகிட்ட பாலுக்குக் கணக்குக் கேட்டவன்தானடா நீ!”

கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அண்ணி ஆலூச் சிரித்துவிட்டாள். ஓடேராவும் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. மூச்சு திரும்பியதும் தம்பியின் கையைப் பிடித்தார்.

“யோசிச்சுச் சொல்றேன். நான் சொல்றவரைக்கும் பேனாவத் தொடாத.”

“சரிண்ணே.”

செவ்வாய்க்கிழமை, ரயில் பெட்டி வாங்கித் தரும் தரகர் கிலோன்சோ ஆபீசுக்கு வந்து நாற்காலியில்கூட உட்காரவில்லை.

“மொம்பாசாக்காரன் ஒருத்தன் மொத்தப் பெட்டியையும் கேட்டு நிக்கிறான். இன்னைக்கு உண்டா இல்லையா சார்?”

“அண்ணன் இன்னும் ஒண்ணும் சொல்லலியே.”

“அண்ணன் சொல்றதுக்குள்ள ரயிலே போயிடும்!”

ஒம்போக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். சம்பளம் வாங்காத மாலுமிகள் நிழலில் குந்தியிருந்தார்கள். அண்ணன் எப்படியும் சம்மதிப்பார், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்தப் பாழாய்ப்போன ‘அப்புறம்’ எத்தனை குடும்பத்தைக் கெடுத்திருக்கிறது! கப்பலை விற்கும் தாளிலும் பெட்டி வாங்கும் தாளிலும் அவனே கையெழுத்துப் போட்டான். கம்பெனிச் சட்டப்படி ஒருவர் கையெழுத்தே போதும்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் கூப்பிட்டனுப்பினார். முகம் இன்னும் வற்றியிருந்தது.

“தம்பி, என் மாடுகள வித்து ஒரு ரயில் பெட்டி வாங்கிட்டேன், என் பேர்ல. முதல் விதை நான் போட்டாச்சு. இனி நீ தாராளமாப் போடு.”

ஒம்போக் கேட்டான், “அப்ப கப்பலு?”

“வித்துக்கோடா. இரும்புதானே.”

இரும்புதானே என்று சொன்னபோது கிழவருக்குக் குரல் உடைந்தது. பிறகு தம்பியின் முகத்துக்கு நேராகத் திரும்பினார்.

“நீ இன்னும் கையெழுத்துப் போடலியே?”

“இல்லண்ணே. உனக்காகத்தான் காத்திருந்தேன்.”

“நல்லது,” என்றார் ஓடேரா. “போய் வேலையப் பாரு.”

அதற்கப்புறம் அவர் அதிகநாள் இல்லை. ஊரே திரண்டு வந்து அழுதது. வாலிபர்கள் காளைகளை விரட்டிக்கொண்டு ஓடிச் சாவை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். பேச எழுந்த பெரியவர்கள் எல்லாம் ஒம்போக்கைத்தான் காட்டினார்கள். “கம்பெனி முழுகுற நேரத்துலயும் அண்ணன் வார்த்தைக்குக் காத்திருந்தான் பாருங்க! தம்பின்னா இவன் தம்பி!” ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவன் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்ததும் ஆலூச் அவனருகே வந்து நின்றாள்.

“அவருக்குத் தெரியும்,” என்றாள்.

“என்ன அண்ணி?”

“நீ கையெழுத்துப் போட்ட அன்னைக்குச் சாயங்காலமே அந்தத் தரகர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. வியாபாரம் முடிஞ்சுதுன்னு வாழ்த்துச் சொல்ல வந்தாராம்! இவரு ஒண்ணும் காட்டிக்கல. ஒரு பெட்டி எனக்கும் வேணும், தேதிய மட்டும் என் தம்பிக்கு முந்திப் போட்டுக் குடுன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சினாரு. உன்னைச் சீரா பிடிச்சிடக் கூடாதாம்.”

“தெரிஞ்சிருந்தும் ஏன் அண்ணி என்கிட்ட கேட்டாரு?”

“போட்டுட்டேண்ணேன்னு நீ சொல்லுவேன்னு நெனச்சாரு. பரவாயில்லடான்னு சொல்றதுக்குத் தயாராக் காத்திருந்தாரு.” அவள் தோள்துணியால் மூக்கைத் துடைத்தாள். “நீ போனதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான். அப்புறம் என்கிட்டகூடச் சரியாப் பேசல.”

அவள் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். பாத்திரம் கேட்டு யாரோ கூப்பிட, அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒம்போக் ஈரம் காயாத மண்மேட்டருகே போய்ச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்தான்.

“போட்டுட்டேண்ணே,” என்றான். “செவ்வாய்க்கிழமையே போட்டுட்டேன்.”