மாமன் மடியில் ஊசி

தொண்ணூற்றொன்றில் நான் அனகாபுத்தூரில் நர்ஸ். புதன்கிழமை தோறும் பால்வாடியில் தடுப்பூசி போடுவேன். ஊசியைக் கண்டு குழந்தைகள் பயப்படுவது நியாயம். அப்பன்கள் சொல்லும் சாக்குகளைத்தான் என்னால் தாங்க முடியாது.

கிளியம்மாள் மகன் துரைக்கு ஒன்பது மாதம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தட்டம்மை ஊசி பாக்கி. பின் தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டு, ஒன்று ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தது. துரையின் அப்பன் கேசவனோ தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“மொதல்ல காதுகுத்து. தங்க ஊசி படாத ஒடம்புல இரும்பு ஊசி படக்கூடாது நர்சம்மா.”

“முன்னே மூணு ஊசி போட்டாச்சே?”

“அது அவ அம்மா வூட்ல போட்டது. எங்க வூட்டு வழக்கம் வேற.”

“அப்ப காதைக் குத்தித் தொலையேன்!”

“மாமன் மடி வோணுமே.”

மாமன் முனிரத்தினம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். கேசவன் தங்கை கல்யாணப் பந்தியில் இரண்டாவது வடை கேட்டும் வைக்கவில்லை என்று எழுந்து போனதிலிருந்து ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஆக, ஒரு உளுந்து வடை என் தடுப்பூசிக்குக் குறுக்கே நின்றது.

நேராக முனிரத்தினத்திடம் போனேன். “தட்டம்மை ஊசியை மாமன் மடியில வெச்சுத்தான் போடணும். நீ வரலைன்னா புள்ளைக்குக் கிடையாது.” திரும்பி வந்து கேசவனிடம், “மாமன் மடியில போட்டா காதுகுத்துல பாதி முடிஞ்ச மாதிரி” என்றேன். இரண்டும் பச்சைப் பொய். கூசாமல் சொன்னேன்.

புதன்கிழமை முனிரத்தினம் பட்டு வேட்டி கட்டி, தட்டில் பழம், வெற்றிலை, வெள்ளி அரைஞாணோடு வந்தான். ஊசியைப் பார்த்துத் துரை சிரித்தான், மாமன் வெளிறிப்போனான். குத்தியதும் இருவரும் சேர்ந்து அழுதார்கள். துரை முதலில் நிறுத்தினான்.

“ஒண்ணும் இல்ல மச்சான், முடிஞ்சி போச்சி” என்று கேசவன் அவன் முதுகைத் தடவினான். கிளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அடுத்த புதன் பால்வாடியில் ஒரு குழந்தைகூட இல்லை. கொதித்துப்போய்த் தெருவில் இறங்கினேன்.

“எங்கண்ணன் மறைமலை நகர்ல வேலைக்குப் போய்க்கீது. அது வந்தாத்தானே ஊசி?” என்றாள் ஒருத்தி. கங்கம்மா கண் கலங்கி நின்றாள். “எனக்குக் கூடப் பொறந்தவனே இல்ல நர்சம்மா. எம் புள்ளைக்கு ஊசி கெடையாதா?”

மாமனும் வேண்டாம், மடியும் வேண்டாம் என்று தெருத்தெருவாகச் சொன்னேன்; ஒருத்தியும் நம்பவில்லை. கடைசியில் முனிரத்தினத்தைத் தறியிலிருந்து இழுத்து வந்தேன்.

“நான் இன்னாத்துக்குக் கீறேன்? குடு தங்கச்சி” என்று கங்கம்மாவின் குழந்தையை வாங்கிக்கொண்டான். அன்று பதினோரு குழந்தைகளுக்கு அவன் மாமனாக உட்கார்ந்தான். பதினோரு முறையும் அழுதான்.