வீட்டுக்கு ஒரு லைட்டர்

அந்த வீட்டில் அடுப்பு இரண்டு, லைட்டர் ஒன்று. சமையலறை அடுப்பு மாமியாருடையது. முன்னறையில் மருமகள் நடத்தும் அழகு நிலையத்தில், மரத்தடுப்புக்குப் பின்னால் முடி நீக்கும் வாக்ஸ் உருக்குவதற்கென்று இருந்த சிறிய அடுப்பு மருமகளுடையது. லைட்டர் மாமியாரின் இடுப்பில் இருந்தது.

இன்னொன்று வாங்கப் பணமில்லை என்பதல்ல. வாங்குகிறவள் தோற்றுப்போனவள் ஆகிவிடுவாள் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். மூன்று வருஷமாக யாரும் தோற்கவில்லை.

மருமகள் இதற்கு ஓர் உத்தி வைத்திருந்தாள். முதலில் தன் அடுப்பில் கேஸைத் திறந்துவிடுவாள். பிறகு சமையலறைக்குப் போய், "அத்தை, கேஸத் திறந்துட்டு வந்திருக்கேன், லைட்டரக் குடுங்க" என்பாள். சும்மா கேட்டால் அரை மணி நேரப் பேச்சு. இப்படிக் கேட்டால் மாமியாரின் கை தானாக இடுப்புக்குப் போய்விடும். அரை நிமிஷத்தில் வேலை முடியும்.

அன்று காலை நாற்காலியில் சாய்ந்திருந்தவள் ஒரு நர்ஸ். அவளுடைய இடது புருவத்தைத் திருத்தி முடித்த மருமகள், "கைக்கு வாக்ஸும் போடணும்னீங்கல்ல. அது உருகட்டும், அதுக்குள்ள இந்தப் பக்கத்த முடிச்சிடறேன்" என்று கழுத்தில் நூல் தொங்க உள்ளே போனாள். வழக்கம்போல் கேஸைத் திறந்தாள். வழக்கம்போல் சமையலறைக்குப் போனாள்.

மாமியார் மட்டும் அன்று வழக்கம்போல் இல்லை. முந்தைய நாள் மருமகள் ஒரு வாடிக்கைக்காரியிடம், "எங்க அத்தைக்கு எழுபது வயசு, முடி எவ்வளவு அடர்த்தி பாருங்க" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. பாராட்டுதான். ஆனால் அவருக்கு வயது அறுபத்து நான்கு.

"கேஸத் திறந்துட்டு வந்திருக்கேன் அத்தை."

"இருக்கட்டும். எழுபது வயசுக்காரி, இடுப்புல இருந்து எடுக்க நேரம் ஆகும்."

"பெருமையாத்தான சொன்னேன்."

"ஆறு வருஷம் சேத்து வச்சு ஒரு பெருமை. அறுபத்தஞ்சுன்னு சொல்லியிருந்தாலாவது மன்னிச்சிருப்பேன்."

"சரி, இனிமே அம்பதுன்னு சொல்றேன். குடுங்க."

"கிண்டல் வேற."

லைட்டர் கைமாற மூன்று நிமிஷம் ஆனது. ஏசியின் குளிர்ச்சி வெளியே போகக் கூடாதென்று தடுப்புக்குள் ஜன்னல் எப்போதும் அடைத்தே இருக்கும். மருமகள் திரும்பி வந்து, பர்னரைக் குனிந்து பார்த்தபடியே லைட்டரை அழுத்தினாள்.

சத்தம் பெரிதாக இல்லை. கனத்த போர்வையை யாரோ உதறியதுபோல் ஒரு 'தொப்'. நீலமாக எதுவோ எழுந்து அவள் முகத்தைத் தடவிவிட்டு அடங்கியது.

நர்ஸ்தான் முதலில் ஓடிவந்தாள். கேஸை மூடி, ஜன்னலைத் திறந்தாள். மருமகளின் கழுத்து நூலையும் காதணிகளையும் கழற்றினாள். முடி கழுவும் தொட்டிக்கு மேல் அவளைக் குனியவைத்து, கைக்குழாயால் முகத்தில் மெதுவாகத் தண்ணீர் விட்டாள். அதற்குள் மாமியார் பற்பசையோடு வந்துவிட்டார். பக்கத்துக் கடைத் தையற்காரர் ஒரு முட்டையை ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"பேஸ்ட் பல்லுக்கு," என்றாள் நர்ஸ். "முட்டைய நீங்க டிபனுக்கு வச்சுக்குங்க."

"ஐஸாவது?" என்றார் தையற்காரர்.

"வேண்டாம். வெந்த தோல் இன்னும் கெட்டுப்போகும். வெறும் குழாத் தண்ணி. இருபது நிமிஷம். அப்புறம் ஆஸ்பத்திரி."

ஒரு புருவம் வில்லாகவும் மறு புருவம் புதராகவும் இருந்த அந்த முகத்தை எதிர்த்துப் பேசத் தையற்காரருக்குத் துணிவு வரவில்லை. மாமியாருக்கு வந்தது.

"ஆஸ்பத்திரி எதுக்கு? எப்பிடி ஆச்சுன்னு கேப்பாங்க. மருமக மூஞ்சி வெந்துடுச்சு, வீட்டுல மாமியார் இருந்தான்னா தெரு என்ன பேசும்? புது க்ரீம் போட்டா, அலர்ஜி ஆயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

தண்ணீருக்கு அடியிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "க்ரீம்னு சொன்னா என் கடைய மூட வேண்டியதுதான் அத்தை."

நர்ஸ் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் மருமகளை உள்ளே கொண்டுபோனார்கள். வலது கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. கருவிழி வெந்திருக்கிறதா என்று மருந்து விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். அவளுடைய கீழ் இமை கன்னத்தோடு இழுபட்டுச் சிவப்பாகத் தெரிந்தது. உதட்டோரம் தைத்ததுபோல் இறுகியிருந்தது.

"யாருக்கு என்னாச்சுங்க?"

"மருமகளுக்கு. ஒண்ணும் இல்ல, அலர்ஜி."

"எங்க வீட்டுல காய்ச்சல்னு சொன்னாங்க," என்றாள் அவள். "எண்ணெய் தெறிச்சுது. பேஸ்டப் பூசி ஒம்பது நாள் கதவச் சாத்தி வச்சாங்க, பாக்கறவங்க என்ன நெனப்பாங்களோன்னு. சீழ் வச்ச பொறவுதான் இங்க வந்தேன். இது நாலாவது ஆபரேஷன். ஆனா ஒரு வசதி இருக்கு. பஸ்ல என் பக்கத்து சீட் எப்பவும் காலி. பைய வச்சுக்குவேன்."

அவள் சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது. மாமியாரும் பாதி சிரித்தார், அதற்குமேல் முடியவில்லை. லைட்டரைக் கொடுக்காமல் இழுத்த அந்த மூன்று நிமிஷம் அவருக்கு நன்றாக இருந்தது. கையேந்தி நிற்கும் மருமகளைப் பார்க்க நன்றாகவே இருந்தது. அதுதான் இப்போது உறுத்தியது.

டாக்டர் வெளியே வந்தார். "கூட வந்தது யாரு? கேஸ் எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சு? அவங்க அர நிமிஷம்னு சொல்றாங்க."

என்னைக் காப்பாற்றுகிறாள் என்று மாமியாருக்குப் புரிந்தது. எழுந்து நின்றார்.

"மூணு நிமிஷம் டாக்டர். லைட்டர் என் இடுப்புல இருந்துச்சு. வேணும்னேதான் இழுத்தேன். எழுதணும்னா எழுதிக்குங்க. வயசு அறுபத்து நாலு."

டாக்டர் தலையசைத்தார். "சரியான நேரத்துல இமைய மூடியிருக்காங்க, கண்ணு தப்பிச்சுது. உடனே தண்ணி விட்டதுல தோலும் ரொம்ப ஆழமா வேகல," என்றார். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். இளம்பெண் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவர் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் கழித்து மருமகள் கடையைத் திறந்தாள். கன்னத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள். வெயிலில் போகக் கூடாது, நிறம் சேர மாதங்கள் ஆகும் என்றிருந்தார்கள். புருவம் இருந்த இடத்தில் பூனை மயிர்போல் ஏதோ முளைத்துக்கொண்டிருந்தது. நான்கு கண்ணாடிகளில் மூன்றைத் துணிபோட்டு மூடியிருந்தாள். மற்றவர் முகத்தில் ஒரு முடி தப்பாமல் பார்க்கிறவளுக்குத் தன் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

முதல் நாள் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். புருவத்துக்காக வந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் விஷயத்துக்காக வந்தவர்கள்.

"என்னம்மா மூஞ்சி இப்பிடி ஆயிடுச்சு? ஏதாவது க்ரீமா?"

மருமகள் வாயைத் திறக்குமுன் மாமியார் உள்ளிருந்து வந்து அவளருகே நின்றார்.

"க்ரீமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ கேஸத் திறந்து வச்சுட்டு லைட்டர் கேட்டா. நான் வீம்புக்கு இழுத்தேன். ரெண்டு பேரும் சேந்து பண்ண கூத்து இது. சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க, சிரிச்சுட்டுக் கேளுங்க. வீட்டுல யார் மேல கோவம் இருந்தாலும் சாப்பாட்டுல உப்ப அள்ளிப் போடுங்க, நெருப்புகிட்ட மட்டும் சண்டைய எடுத்துட்டுப் போகாதீங்க. லைட்டரோ தீப்பெட்டியோ கைக்கு வந்த பொறவுதான் கேஸத் திறக்கணும். கேஸ் வாசன வந்தா ஜன்னலத் திறங்க, சுவிட்சத் தொடாதீங்க. சுட்டுட்டா குழாத் தண்ணி, இருபது நிமிஷம். எதையும் பூசாம நேரா ஆஸ்பத்திரி. தெரு என்ன பேசும்னு மட்டும் உக்காந்துடாதீங்க. தெரு பேசறது ஒரு வாரம். மூஞ்சி ஆயுசுக்கும்."