தொட்டால்தான் பாயும்

போன் நம்பரின் கடைசி எட்டை ஒன்பதாக்கிவிட்டு அகிலேஷ் ‘சேவ்’ பொத்தானை அழுத்தினான். திரையில் அதுவரை பச்சையாக நின்றிருந்த பெயர் சட்டென்று சிவந்து, பக்கத்தில் ‘நிறுத்தம்’ என்று எழுத்து விழுந்தது.

“இப்பளாக்கும் ரூல் ஃபயர் ஆனது. கண்டியா?”

ஷிஜி கண்டாள். கண்டும் விளங்கவில்லை. அது அகிலேஷ் சோதனைக்காக உண்டாக்கிய பொய்யான ஆள். முதலில் அவன் விதியை அணைத்துப் போட்டான். அந்த ஆளின் பெயரில் மூன்று புகார்களை ஏற்றினான். பிறகு விதியை முடுக்கினான். மூன்று புகார் சேர்ந்தால் அந்த ஆளிடம் சரக்கு வாங்குவதை நிறுத்து என்பதுதான் விதி. விதியும் இருந்தது, புகாரும் இருந்தது. பெயர் மட்டும் பச்சையாகவே நின்றது. புகாரோடு ஒட்டோ உறவோ இல்லாத போன் நம்பரை மாற்றியதும் பாய்ந்துவிட்டது.

“அதெப்பிடி? நம்பருக்கும் புகாருக்கும் என்ன?”

“ஒண்ணும் இல்ல. ரூலு தானா எழும்பி ஆளு ஆளா நோக்கிட்டு நடக்காது, கேட்டியா. யாராவது ஃபைலைத் தொட்டு சேவ் பண்ணணும். அப்பம்தான் தலையைத் தூக்கி, இந்தாளுக்கு எத்தனை புகாருன்னு எண்ணும். தொடல்லன்னா நூறு புகார் கிடந்தாலும் அவன் பச்சைதான்.” அகிலேஷ் திருவனந்தபுரத்தில் மென்பொருள் கம்பெனியில் இருந்தாலும் எல்லையோரத்து வெள்ளறடைக்காரன், பேச்சு தமிழ்தான். “எனக்க அம்மைய மாதிரியாக்கும். நான் மூலையில சும்மா கிடந்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. ஒரு கிளாஸ் வெள்ளம் கேட்டாப் போதும், போன வருசம் செய்ததெல்லாம் எடுத்து விரிப்பா.”

அவன் சிரித்தான். ஷிஜி சிவந்த பெயரையே பார்த்தாள்.

“செரி, சிவந்த ஆளைத் திரும்பப் பச்சையாக்கணும்னா?”

“புகாரை அழிக்கணும். அதுக்கு முதலாளிக்க பாஸ்வேர்டு வேணும். அதில்லாம நிறுத்தத்தை மட்டும் எடுத்துட்டு சேவ் பண்ணினா, அந்த சேவே ஒரு தொடல் இல்லியா? திரும்பவும் எண்ணும். திரும்பவும் சிவக்கும்.”

பாறசாலையில் தலைமைக் கடையும் அதன் மாடியில் அலுவலகமும் உள்ள பேக்கரி அது. காஞ்சிரங்குளம் வரை கிளைகள் உண்டு. வீடுகளிலும் ஷெட்டுகளிலும் பலகாரம் செய்து கொடுக்கிறவர்களின் ஃபைல்களை இதுவரை பார்த்தவர் மேனேஜர் ராபின்சன் ஒருவர்தான். முதலாளிக்கு கம்ப்யூட்டர் பக்கம் போகவே பயம். ஓணம் நெருங்கி வேலை தலைக்குமேல் ஏறியபோது, பில் போட்டுக்கொண்டிருந்த ஷிஜியிடம் அதையும் கொடுக்கச் சொன்னார். கற்றுக்கொடுக்கத்தான் அகிலேஷ் வந்திருந்தான்.

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா ஜெஸி பயறும் வெல்லமும் உருட்டிப் பொரிக்கும் முந்திரிக்கொத்து ஒரு காலத்தில் இந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டிகளில் முன்வரிசையில் இருந்தது. முந்தின ஓணத்துக்கு முந்தின ஓணம், கடையே வாங்கிக் கொடுத்த வெல்லம் புளித்துப்போய், மூன்று கிளைகளிலிருந்து புகார் வந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அப்போது விதியும் இல்லை. விதி வந்த பிறகும் அம்மாவின் பெயர் பச்சையாகத்தான் இருந்தது.

இந்த ஈஸ்டருக்கு முன்னால் ராபின்சன் வீட்டுக்கு வந்தார். முந்திரிக்கொத்தைத் தன் மச்சினன் நிஜினின் பெயர் போட்ட கவரில் அடைத்துத் தர வேண்டும் என்றார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. “உங்க மச்சினன் இந்தச் சட்டிக்க முன்னால ஒரு மணிக்கூர் நிக்கட்டும். பொறவு பேரு போடலாம்” என்றாள். ராபின்சனின் காது சிவந்ததை ஷிஜி பார்த்தாள். அடுத்த வாரம் அம்மாவின் சரக்கு கடை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

“நான் என்ன செய்ய மக்கா? சிஸ்டமாக்கும் பிளாக் பண்ணினது” என்றார் ராபின்சன். அவள் தோளில் தட்டவும் செய்தார். அவளும் நம்பினாள். கணினிக்குக் கோபமோ மச்சினனோ இல்லை என்று அம்மாவிடம் அவள்தான் சமாதானம் சொன்னாள். அதை நினைக்கத்தான் இப்போது அவளுக்குத் தாங்கவில்லை. சபையில் அசன விருந்துக்கு எப்போதும் அம்மாவிடம் பலகாரம் சொல்கிறவர்கள் இந்த முறை சொல்லவில்லை. கொத்தில் என்னவோ கிடந்ததாம், பேக்கரிக்காரனே நிறுத்திவிட்டானாம் என்று சபைக் கோயில் முற்றத்திலேயே பேச்சு. கடைசியில் அம்மா ஏத்த வாழைக்காய் தோல் உரிக்கப் போனாள், அதே நிஜினின் சிப்ஸ் ஷெட்டுக்கு. பக்கத்தில் வேறு வேலை இல்லை. “ஜெஸி சேச்சி, தோலோட காயும் போவுது. கொத்து உருட்டின கை இல்லியா, கத்தி பழகாது” என்று அவன் நாற்காலியில் இருந்தபடி சொல்வானாம்.

அம்மாவின் ஃபைலை யாரோ தொட்டிருக்கிறார்கள். தொடக்கூடியவர் ஒருவர்தான்.

அவள் நிஜினின் ஃபைலைத் திறந்து பார்த்தாள். எண்ணெய் காறல், சிப்ஸில் முடி, எடை குறைவு. மூன்றல்ல, ஏழு புகார். எல்லாம் விதி வருவதற்கு முந்தியவை. அதன் பிறகு வந்த எதையும் ராபின்சன் ஏற்றவில்லை. மச்சினனோடு எல்லாம் போனில்தான். தூங்குகிற நாயைத் தாண்டிப்போகிறவனைப் போல அந்த ஃபைலைச் சுற்றியே நடந்திருக்கிறார். அவள் ‘சேவ்’ பொத்தானை அழுத்தாமல் மூடினாள். பயத்தால் அல்ல. நிஜினின் ஓணச் சரக்கு வண்டி நாளைக்கு வரும். இன்றைக்கே சிவந்தால் ஓடி ஆளைப் பிடித்து முதலாளியின் காலில் விழ அவர்களுக்கு நேரம் இருக்கும்.

வீட்டில் அம்மா உப்பும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் கையிலுள்ள வாழைக்காய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஷிஜி எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சொல்லும் இடைமறிக்காமல் அம்மா கேட்டாள்.

“தொட்டா ஷெட்டு நிக்குமா?”

“சரக்கெல்லாம் நமக்க கடைக்குத்தானே. நிக்கும். ஒனக்க வேலையும் போவும்.”

“எனக்க வேலை கிடக்கட்டு. ஷெட்டில எனக்கக் கூட உரிக்க கார்த்தியாயினி உண்டு. அவளுக்க மாப்பிள்ளை கிடப்பிலயாக்கும். இன்னும் ரெண்டு மூணு பேரு உண்டு. அவளுவ என்ன தப்பு செய்தாளுவ?”

“நீ என்ன செய்த?”

அம்மாவின் நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “வண்டி எத்தனை மணிக்கு வரும்?” என்றாள்.

மறுநாள் வண்டி வாசலுக்குத் திரும்பும்போதே சூடான சிப்ஸின் மணம் மாடிக்கு ஏறியது. ஷிஜி நிஜினின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாள். சேவ். கீழே சரக்கு இறக்குகிற இடத்தில் காவலாளி கிருஷ்ணன்குட்டி நிஜினின் சரக்கு அட்டையை, ஃபைலோடு இணைந்த கருவியில் காட்டினார். அது சிவந்தது.

“வே, திரும்பக் காட்டும்!” நிஜின் முன் இருக்கையிலிருந்து குதித்தான்.

“எத்தனை வட்டம் காட்ட? நான் என்ன, கல்யாண ஆல்பமா காட்டுகேன்?” என்றார் கிருஷ்ணன்குட்டி.

ராபின்சன் மாடியிலுள்ள தன் கண்ணாடி அறைக்குள் ஓடினார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நிறுத்தத்தை எடுத்தார், சேவ் செய்தார். ஷிஜியின் திரையில் நிஜினின் பெயர் பச்சையாகி, மூச்சு விடுவதற்குள் சிவந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி சிவந்தது. அவர் அழுத்துகிற வேகத்தைப் பார்க்க அவளுக்குத் தித்திப்பாக இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டால் ஏழு புகாரையும் அவரே வாசிப்பார். கூப்பிடாவிட்டால் சரக்கு வெயிலில் கிடக்கும். கடைசியில் ராபின்சன் நாற்காலியில் சாய்ந்து, அறைக் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. அத்தனை வருடத்தில் அவர் கண்ணை அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை. அவர்தான் முதலில் போன் பக்கம் திரும்பினார்.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். சாலைக்கு அந்தப்புறம், பஸ் நிற்கிற இடத்தை ஒட்டிய பெட்டிக்கடை நிழலில், ஞாயிற்றுக்கிழமை சேலையில் அம்மா நின்றிருந்தாள். காய்ச்சல் என்று ஷெட்டில் சொல்லிவிட்டுப் பார்க்க வந்திருக்கிறாள். கையில் ஒரு போஞ்சி கிளாஸ். எலுமிச்சையும் சர்க்கரையும் ஐஸும் கலந்ததை அவசரமே இல்லாமல் குடித்துக்கொண்டு, வாசலில் நடக்கிற கூத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போது வண்டியின் பின்னாலிருந்து, சாக்கு இறக்க வந்திருந்த கார்த்தியாயினி மெல்ல இறங்கினாள். இறக்க ஒன்றும் இல்லை. நிஜினைப் பார்த்தாள், சிவந்து நிற்கிற கருவியைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்து நேராக ஜெஸியிடம் போனாள். என்னவோ கேட்டாள். அம்மா பாதி குடித்த கிளாஸை நீட்டினாள். கார்த்தியாயினி அதைக் கறை பிடித்துக் கறுத்த இரண்டு கையாலும் வாங்கி, தலையை அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.