வெண்ணெய் போலத் திறந்த கதவு

"பூட்டினேன்னு சொல்றேன்ல அண்ணி, பூட்டிட்டு இழுத்தும் பாத்து—"

"பூட்டின வண்டிக்குள்ள வச்ச பொட்டிக்கு றெக்கை முளைச்சுதா? கண்ணாடி அப்படியே இருக்கு, கதவு அப்படியே—"

"அதைத்தானே நானும் சொல்றேன், கதவு அப்படியேதான் இருக்கு, இப்ப நீங்கதானே திறந்தீங்க—"

"குடையை மட்டும் மறக்காம கையில வச்சிட்டுச் சுத்தத் தெரியுது—"

"நீங்க வண்டியில வாங்கிப் போட்ட குடைதானே, வானம் இருட்டிட்டு இருந்துச்சேன்னு—"

"நான் எங்க குடை வாங்கினேன்? பேச்சை மாத்தாதே. பல்லு எங்க?"

கார் நிறுத்தும் கட்டிடத்தின் மூன்றாம் தளத்தில், பழைய வெள்ளை வண்டி ஒன்றின் இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் நாத்தனார். நடுவே திறந்த கதவு. பின் சீட்டில் ஒரு பழைய போர்வை, ஒரு தண்ணீர் பாட்டில். நீலப் பெட்டி மட்டும் இல்லை.

நீலப் பெட்டிக்குள் இருந்தது அத்தையின் பல் செட். அண்ணிக்கு அத்தை, நாத்தனாருக்கு அம்மா. அத்தை மேடையில் பாடுகிறவர். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அத்தைக்குப் பாட்டே போயிருந்தது. ஆட்டங்கண்ட பல்லையெல்லாம் எடுத்த பிறகு முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. பல் செட் செய்வதுதான் அண்ணியின் தொழில். "பெரிய இடமாப் பாத்துச் செய்யுங்க, வீட்டு ஆள் கையில கொடுக்காதீங்க" என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். அத்தை கேட்கவில்லை. "என் வாயை மருமக கையில கொடுத்திருக்கேன். எத்தனை மாமியாருக்கு அந்தத் தைரியம் வரும்?" என்றார்.

டாக்டர் அளவெடுத்தார், அண்ணி செய்தாள், அத்தை போட்டுக்கொண்டு வீட்டில் பாடினார். சுதி, சொல் இரண்டும் பிசகாமல் நின்றன. இன்று சாயங்காலம் மேடை. காலையில் பார்த்து ஈறில் ஓர் இடத்தில் குத்துகிறது என்றார். சரி, ஓர் இழைப்பு இழைத்துத் தருகிறேன் என்று இதே கட்டிடத்தின் மேல் மாடியில் இருக்கும் தன் லேபுக்கு அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தாள் அண்ணி. இழைத்து, பாலிஷ் போட்டு, பெட்டியில் வைத்து, "வண்டியில கொண்டுபோய் வை, மெஷினைத் துடைச்சிட்டு வரேன்" என்று நாத்தனாரிடம் கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

போன் அடித்தது. அத்தைதான். அரங்கத்துப் பின்னறையில், வாத்தியக்காரர்களுக்கு நடுவில், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பல் இல்லாமல் அவர்கள் முன்னால் வாயைத் திறப்பதாக இல்லை.

"ம்?" என்றார் அத்தை.

"கிளம்பிட்டோம் அத்தை," என்றாள் அண்ணி.

"ம்ம்," என்றார் அத்தை. நம்பவில்லை என்பது அந்த ஒரு எழுத்திலேயே தெரிந்தது.

சத்தம் கேட்டுக் காவலாளி வந்தார். பேச ஆள் கிடைத்தால் விடாத மனிதர்.

"என்னம்மா, சாமான் போச்சா? கண்ணாடி உடைச்சானா?"

"இல்லண்ணே."

"ரிமோட் பூட்டா?"

"இந்தக் கிழட்டு வண்டிக்கு ரிமோட் ஒண்ணுதான் கேடு. சாவிதான்."

"அப்ப அந்தக் கேஸ் இல்ல. ரிமோட்காரங்க எல்லாம் பட்டனைத் தோளுக்குப் பின்னாடி நீட்டி அமுக்கிட்டு, திரும்பிப் பாக்காம போவாங்க, என்னமோ ராஜா நடை. ஓரமா ஒருத்தன் சிக்னலைத் தடுக்கிற டப்பாவோட நிப்பான். பூட்டு விழுந்தே இருக்காது. 'கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்க'ன்னு நானும் தொண்டை கிழியக் கத்துறேன்."

"நான் இழுத்துப் பாத்தேன்," என்றாள் நாத்தனார், அண்ணியைப் பார்த்துக்கொண்டே.

காவலாளி குனிந்தார். சாவித் துவாரத்தைப் பார்த்தார், கண்ணாடி ஓரத்து ரப்பரை விரலால் தடவினார். "கம்பி விட்ட மாதிரியும் இல்ல. ஒரு கீறல் கிடையாது. போன வாரம் இதுக்குக் கீழ இருக்கிற தளத்துல இதே மாதிரிதான், வெள்ளை வண்டி. கண்ணாடி போகல, பூட்டு போகல, உள்ள இருந்த சாமான் மட்டும் போச்சு. யாரோ தேர்ந்த கைகாரன் உலாத்துறான். அவனைப் பிடிக்காம இந்தச் சட்டையைக் கழட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"குளிக்கிறதுக்காவது கழட்டுங்கண்ணே," என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு," என்றாள் அண்ணி.

"ஒண்ணுதான் இடிக்குது," என்றார் காவலாளி. "நீங்க வந்தப்ப வண்டி பூட்டித்தானே இருந்துச்சு? எடுத்துட்டுப் போறவன், திரும்பப் பூட்டிட்டா போவான்? அவ்வளவு பொறுப்பான திருடனை நான் பாத்ததே இல்ல."

அண்ணிக்கும் அங்கேதான் இடித்தது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, நாத்தனாரை நேராகப் பார்த்தாள்.

"நீ பொட்டியை வாங்கினதுலேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம."

"லிஃப்டுல ஒரே கூட்டம். சரின்னு படியில இறங்கினேன். மூணாவது தூணு. சாவியைப் போட்டேன், திறந்தேன், வச்சேன், பூட்டினேன். அம்மாவுக்குத் தொண்டை மாத்திரை வாங்கப் போனேன். இதுல என்னண்ணி இருக்கு?"

"திறக்கும்போது முழங்காலால இடிச்சியா?"

"இல்ல. இன்னிக்கு என்னவோ வெண்ணெயில கத்தி விட்ட மாதிரி—"

"கதவைத் தூக்கிப் பிடிச்சியா?"

"தூக்கவே வேண்டியதில்ல. அதைச் சொல்லணும்னு நினைச்சேன், எண்ணெய் விட்டீங்களா? சீட்டு வேற பளபளன்னு இருந்துச்சு. எலுமிச்சை வாசனை. அம்மா வந்து உக்காரப் போறாங்கன்னு நீங்கதான் துடைச்சு வச்சிருக்கீங்கன்னு, உங்க மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு."

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இந்த வண்டியைத் துடைச்சு நீ பாத்திருக்கியா?"

நாத்தனார் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். சீட்டில் போன மழைக்காலத்துச் சேறு அப்படியே இருந்தது.

கதவிலேயே தொங்கிய சாவியை அண்ணி உருவினாள்.

லேபில் மாட்டிய பூதக்கண்ணாடி இன்னும் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணில் வைத்துச் சாவியை வெளிச்சத்தில் பிடித்தாள். நாள் முழுக்கப் பல்லைப் பார்க்கிற கண். வெட்டு வெட்டாக மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய ஓரம், ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"இது சாவியா? வெறும் ஈறு," என்றாள்.

"என்னண்ணி?"

"பல்லெல்லாம் தேஞ்சு போச்சுடி. புதுப் பல்லு ஒரு தாடைக்குத்தான் பொருந்தும். தேஞ்ச பல்லு எந்தத் தாடையிலயும் போய் உக்காரும். பூட்டும் நம்ம பூட்டு மாதிரி வயசானதா இருந்தா, கேக்கவே வேணாம்."

"அதாவது…"

"அதாவது, அது நம்ம வண்டி இல்ல. எத்தனை மாடி இறங்கின?"

"எண்ணலையே. படியில பெயிண்ட் அடிக்கிறாங்க, நம்பர் எதுவும் தெரியல. ரொம்ப தூரம் இறங்கின மாதிரிதான் இருந்துச்சு—"

அண்ணி பாதியிலேயே ஓட ஆரம்பித்திருந்தாள்.

படியில் பெயிண்ட் வாடை குப்பென்று அடித்தது. அண்ணியின் லேப் ஏப்ரன் ஈரச் சுவரில் உரசிப் பச்சையாயிற்று. பின்னால் நாத்தனாரின் செருப்புச் சத்தம், அதற்கும் பின்னால் காவலாளியின் சாவிக்கொத்துச் சத்தம். ஒரு தளம் கீழே வந்து கதவைத் தள்ளினார்கள். அதே தூண், அதே மூலை, அதே மாதிரி வெள்ளை வண்டி. குளித்துத் தலைவாரின பிள்ளை மாதிரிச் சுத்தமாக இருந்தது.

அதன் பின் விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டி பின்னுக்கு வந்து, வளைந்து, சரிவுப் பாதையைப் பார்த்து நகர்ந்தது. பின் கண்ணாடி வழியே நீலப் பெட்டி தெளிவாகத் தெரிந்தது.

"சார், சார், நிறுத்துங்க," என்று கத்தினாள் அண்ணி. வண்டிக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது போலும். ஓட்டுகிறவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே போனார்.

"நான் படியில போறேன், நீங்க பின்னாடியே போங்க," என்று நாத்தனார் திரும்பி ஓடினாள். திட்டு வாங்கும்போது எப்படியோ, ஓடும்போது அவள் மான்குட்டிதான்.

காவலாளி வாக்கி டாக்கியை எடுத்தார். "கேட்டு, கேட்டு, கட்டையைப் போடு."

"எந்தக் கட்டையை?" என்றது கேட்.

"உன் தலையில போடுற கட்டையை. தடுப்புக் கட்டையப்பா. வெள்ளை வண்டி வருது, விடாதே."

"வெள்ளை வண்டி நாலு நிக்குதே."

"நாலையும் விடாதே."

அண்ணி சரிவில் ஓடினாள். ஓடிப் பழக்கமில்லாத கால், ஆனால் சரிவு என்பதால் அதுவாகவே இழுத்துக்கொண்டு போயிற்று. வளைவில் வண்டி மறையும், மறுபடி தெரியும், மறுபடி மறையும். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லோர் பேச்சையும் மீறி அத்தை கொடுத்த வாய் இதோ யாரோ ஒருவர் வண்டியில் ஊர்வலம் போகிறது.

கீழே வந்தபோது வண்டி நின்றிருந்தது. கட்டை இன்னும் பாதியில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தியது கட்டை இல்லை. வழி நடுவில் நாத்தனார் குடையை விரித்துக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டிக்காரர் இறங்கினார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அவர் நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை, குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று அண்ணி நினைத்தாள்.

"சார், உங்க பின் சீட்டுல எங்க பொட்டி இருக்கு," என்றாள் மூச்சு வாங்கியபடி.

"என் சீட்டுல உங்க பொட்டியா?" அவர் திரும்பிப் பார்த்தார். பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட இரண்டு வரிசைப் பல் அவரைப் பார்த்துச் சிரித்தது. பெட்டி அவர் கையில் ஒரு துள்ளு துள்ளியது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். நல்லவேளை, அவர் விடவில்லை.

"இது யாரோடது?"

"எங்க மாமியாரோடது."

"அவங்க எங்க?"

"பல்லில்லாம உக்காந்திருக்காங்க சார். சாயங்காலம் பாடணும்."

"நான் பூட்டிட்டுத்தான் போனேன். நான் வந்தப்பவும் பூட்டித்தான் இருந்துச்சு. பூட்டின வண்டிக்குள்ள மாமியார் பல்லு எப்படி வரும்?" அவர் பெட்டியை மூடி மார்போடு சேர்த்துக்கொண்டார். "எனக்கு இது சரியாப் படல. போன வாரம்தான் என் வண்டியில சாமான் போச்சு. போலீஸ் வரட்டும், அப்புறம் தரேன்."

காவலாளி நிமிர்ந்தார். "ஆமாம்மா, அந்த வண்டி இதுதான்."

போன் அடித்தது. "ம்ம்ம்ம்?" என்றார் அத்தை. பின்னால் யாரோ தம்பூரா சுதி சேர்க்கும் ஓசை.

அண்ணி ஒரு கணம்தான் யோசித்தாள். தன் சாவி அந்தப் பூட்டைத் திறப்பதைக் காட்டினால் திருட்டுப் பட்டம். காட்டாவிட்டால் மேடை போயிற்று.

"அத்தை, ஒரே நிமிஷம்," என்று போனை நாத்தனாரிடம் நீட்டினாள். "சார், உங்க வண்டியைப் பூட்டுங்க. நல்லா இழுத்துப் பாருங்க."

அவர் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். காவலாளியும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

அண்ணி தன் சாவியைப் போட்டாள். முழங்கால் வேண்டியிருக்கவில்லை. லேசாகத் திருப்பினாள். கிளுக்கென்றது. எலுமிச்சை வாசனையோடு கதவு திறந்து நின்றது.

"கீறல் இல்ல," என்றார் காவலாளி, பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி.

"எங்க சாவியும் தேஞ்சிருக்கு, உங்க பூட்டும் தேஞ்சிருக்கு சார். இவ தளம் மாறி வந்து, நம்ம வண்டின்னு நினைச்சு வச்சுட்டா. நாங்க சாவியைப் புதுசா வெட்டிக்கிறோம், நீங்க பூட்டை மாத்திடுங்க. இல்லன்னா யாரு வேணா வந்து உக்காரலாம்."

வண்டிக்காரர் சாவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுப் பெட்டியை நீட்டினார். "நல்லாப் பாடச் சொல்லுங்க," என்றார்.

அண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். போனில் நாத்தனார், "அம்மா, பல்லு கைக்கு வந்தாச்சு, நீ சுதி சேத்துட்டு இரு," என்று சொல்ல, மறுமுனையில் சின்னதாக, வயிறு குளிர்ந்த "ம்" ஒன்று கேட்டது.

நாத்தனாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மரத்தில் செதுக்கிய வாத்துத் தலைப் பிடி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா அண்ணி? பூட்டினேன்னு சொன்னேன்ல. யார் வண்டியா இருந்தா என்ன, பூட்டித்தானே வச்சேன்? யார் சாமானையும் எடுத்து வந்ததும் இல்ல, நம்ம சாமானைத் தொலைச்சதும் இல்ல. வாங்க, போகலாம்."

"ஒரு நிமிஷம்க்கா," என்றார் வண்டிக்காரர். "அந்த வாத்துத் தலைக் குடை, அதை எங்க வாங்கினீங்க?"