பாலுக்கு முதல் பொருள்

எதிர்வீட்டு அகராதிக்காரர் தன் வீட்டை இரண்டாக்கியது 'பால்' என்ற ஒரே சொல்லால். நான் கூட்டிச் சொல்வதாக நினைக்கலாம்; கூடத்தின் நடுவே போட்ட கோடு என் பால்கனியிலிருந்தே தெரிந்தது.

அகராதி அலுவலகத்தில் அவருக்குப் 'ப' வரிசை. 'பால்' என்றால் பகுதி, பிரிவு என்பதுதான் முதல் பொருள் என்று தீர்மானித்தார். 'பகு' பகலாகி, பகல் தேய்ந்து பாலாயிற்றாம். ஆண்பால், பெண்பால் எல்லாம் அந்த வழிதானாம். குடிக்கிற பால் இரண்டாவது. இதை வீட்டில் பெருமையடித்ததுதான் வினை. அவர் மனைவியின் அண்ணன் பால்காரர். எங்கள் தெருவுக்கே அவர்தான் ஊற்றுகிறார்.

மறுநாள் கேனும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"ஏன் மச்சான், நான் விடிஞ்சும் விடியாம வீடு வீடா 'பிரிவு, பிரிவு'ன்னா கத்திக்கிட்டுப் போறேன்?"

அகராதிக்காரர் வேர்ச்சொல்லை மறுபடி ஆரம்பித்தார். கேன் ஊற்றாமலே திரும்பியது. மனைவிக்கு முகம் கறுத்துவிட்டது. பிரிவுதான் முதல் என்றால் அதுவே நடக்கட்டும் என்று அந்தம்மா சாக்பீஸை எடுத்தார். அந்தப் பக்கம் ஆண்பால், இந்தப் பக்கம் பெண்பால். வெள்ளிக்கிழமை 'ப' அச்சுக்குப் போவதற்குள் குடிக்கிற பாலை முதலில் வைக்காவிட்டால் அண்ணன் வீட்டோடு போய்விடுவதாகவும் சொல்லிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அடுப்பு ஆண்பாலில் மாட்டிக்கொண்டது. அண்ணன் தங்கைக்கு மட்டும் ஜன்னல் வழியாகப் பால் கொடுத்தார். அந்தம்மாவிடம் பால் இருந்தது, காய்ச்ச வழியில்லை. இவரிடம் அடுப்பு இருந்தது, காய்ச்ச ஒன்றுமில்லை. வெந்நீராகக் குடித்துத் தீர்த்தார். பூனை ஒன்றன்பால் என்பதால் இரண்டு பக்கமும் போய்வந்தது.

வியாழன் மாலை பெட்டி அடுக்கும் சத்தம். துணி எடுக்கிற சாக்கில் நான் பால்கனிக்கு வந்தேன். மனிதர் கோட்டோரம் நின்றிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.

"உன்பால் எனக்கு..." என்று இழுத்துத் தொண்டையைக் கனைத்தார். "உன்பால் எனக்கு ரொம்ப அன்பு."

"இது எத்தனாவது பொருளுங்க?"

பொய் சொல்ல வராத மனுஷன். "அஞ்சாவது," என்றார்.

பெட்டி படாரென்று மூடியது. அவர் ஒற்றைச் செருப்போடு அலுவலகத்துக்கு ஓடியதைத் தெருவே பார்த்தது.

அகராதி வெளிவந்துவிட்டது. 'பால்: 1. ஒருவர் மீது, ஒருவரிடத்தில். (எ-டு) மனைவிபால் அன்பு.' பிரிவு இரண்டாவது. படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அந்தம்மாவோ கோட்டைத் துடைத்துவிட்டு, அகராதியில் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்குக் காட்ட வந்தார். குடிக்கிற பால் மூன்றாவதுக்கு இறங்கிவிட்டதை அவர் கண்டுகொள்ளவில்லை. அண்ணன் கண்டுகொண்டார். கேன் இப்போது அந்த வாசலைத் தாண்டியே போகிறது.

புருஷனும் பெண்டாட்டியும் கறுப்புக் காப்பி குடிக்கிறார்கள். அதுதான் உடம்புக்கு நல்லதாம்.