பழைய பாதி

அண்ணன் பழைய பாதியைக் கேட்டபோதே தங்கைக்குப் பொறி தட்டியது.

அப்பா விட்டுப்போன கல்வீட்டை இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். அதில் சிரமமே இல்லை. அது ஒட்டிவைத்த இரண்டு வீடுதான். பின்பாதி முதலில் எழுந்தது, மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் கிடந்த காலத்தில். தொழுவத்துக் கழிவு ஓடிய கல்வாய்க்கால் இன்னும் தரையில் இருக்கிறது. ஜன்னல் என்ற பெயரில் தலை நுழையாத இரண்டு பொந்துகள். முன்பாதி, தாத்தா கையில் காசு புரண்டபோது கட்டியது: மாடி, உயரமான கூரை, நல்ல வெளிச்சம். இதை விட்டுவிட்டு அதைக் கேட்பவன் ஒன்று பைத்தியமாக இருக்கவேண்டும், இல்லை கெட்டிக்காரனாக இருக்கவேண்டும். அண்ணன் பைத்தியமில்லை.

போதாததற்குப் பழைய பாதியின் பின்சுவரில் மட்டும் புதுச் சுண்ணாம்புப் பூச்சு. மற்ற சுவர்களெல்லாம் வெறுங்கல்லாய்ப் பல்லை இளித்துக்கொண்டு நின்றன.

"அந்த ஒரு சுவருக்கு மட்டும் ஏண்ணே பூச்சு?"

"ஈரம் ஏறுது."

"சரி, பழைய பாதிய நானே எடுத்துக்கறேன்."

அண்ணன் முகம் மாறியது. "பாக்கலாம்" என்று எழுந்து போய்விட்டான்.

அவளுக்கு அது போதும். கொள்ளுத்தாத்தா எதையோ சுவருக்குள் வைத்துக் கட்டினார் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. "திருடறான்னு நான் சொல்லல" என்று கணவனிடம் சொன்னாள். அதைத்தான் அவள் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். பேப்பரிலிருந்து அவன் தலையைத் தூக்கவில்லை.

அண்ணன் சந்தைக்குக் கிளம்பியதும் கொத்தனாரை அழைத்து வந்தாள். அவர் சுத்தியலால் தட்டினார். வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் கேட்டது.

"உள்ள காலியா இருக்கா?" அவள் சுவரில் காதை வைத்தாள்.

"காலிதாம்மா." அவர் முகம் சுளித்தார்.

"உடைங்க."

பூச்சு பாளம் பாளமாய் விழுந்தது. பின்னால் தரையிலிருந்து கூரைவரை ஒரு விரிசல். ஆசையாய்க் கையை விட்டுத் துழாவினாள். மண்ணும் சில்லுக்கல்லும் கொட்டின.

"கையை எடுங்க மொதல்ல" என்றார் கொத்தனார். "வெளிய ஒரு கல்வரிசை, உள்ள ஒரு வரிசை, நடுவுல மண்ணு. ரெண்டையும் பிடிச்சு நிறுத்த அங்கங்க நீளக்கல்ல குறுக்க வைக்கணும். கட்டினவங்க கஞ்சத்தனம் பண்ணிட்டாங்க. வெளிவரிசை தனியாக் கழண்டு நிக்குது. இங்க யாரையும் படுக்க விடாதீங்க."

வாசலில் மூட்டையோடு அண்ணன் நின்றிருந்தான்.

"ஏண்ணே மறைச்ச?"

"விரிசலைக் காட்டி, இத நான் வச்சுக்கறேன்னு சொல்லியிருந்தா, நல்லவன் வேஷம் போடறான்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

"உனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. முன்பாதிய எடுத்துக்க. இதுக்கு முட்டுக் கொடுத்து நான் மெதுவாக் கட்டிக்கறேன்."

அவள் தலையாட்டினாள். வெட்கத்தில் காது சுட்டது, அழுகையும் வந்தது. அப்போதும் மனசின் ஒரு மூலை, இந்தக் கொத்தனாரை அண்ணன் முன்கூட்டியே பார்த்துப் பேசிவைத்திருப்பானோ என்று கேட்டுக்கொண்டிருந்தது.